மூன்று படி ஏறிய வீடு

2019 ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் எங்கள் ஊரான அம்பத்தூரைக் கடந்து வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. 50 வேகன்கள், ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர். சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் நான்கும் தரை வெடித்துக் கிடந்த வருடம் அது. வில்லிவாக்கத்துக்கு முன்னால் அந்த ரயில் கடந்த ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்கிறேன்: பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர். இதில் பாதிக்கு மேற்பட்ட ஊர்களில் ஏரி இருக்கிறது. கொரட்டூரில் ரயில் ஜன்னலிலிருந்தே ஏரி தெரியும்.

200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தண்ணீர் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்பவர்களுக்கு அது எந்த ஆற்றுத் தண்ணீர் என்பது பெரிதில்லை. ஆனாலும் அந்த வேகன்கள் கொரட்டூர் ஏரிக்கரையை ஒட்டிப் போவதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. ஏறத்தாழ 590 ஏக்கர் ஏரி. அதன் தண்ணீர் குடிக்கிற பதத்தில் இருந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கொரட்டூருக்கு, கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்கு. சிறுவயதில் இதை எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. ஐப்பசி மழை பிடித்து நான்கு நாள் ஆனதும் தெருவில் யாராவது ஒருவர், "கலங்கல் போவுதாம்" என்பார். குடையை எடுத்துக்கொண்டு ஊரே கிளம்பிப்போய்ப் பார்த்துவிட்டு வரும். கெளுத்தியும் குரவையும் வாய்க்காலில் எதிரேறும். பிள்ளைகள் பனியனைக் கழற்றி வலையாக்குவோம்.

அப்பா வாலாஜாபேட்டைக்காரர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதே பாதையில், நூற்றுப் பத்து வருடம் கழித்து, ஐ.டி.ஐ. சான்றிதழும் தகரப் பெட்டியுமாக அப்பா அம்பத்தூரில் வந்து இறங்கினார். 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம். எல்லோருக்கும் அது 'எஸ்டேட்'. தேயிலைத் தோட்டம் ஒன்றையும் பார்த்திராத நாங்கள், எஸ்டேட் என்றால் தகரக் கூரை போட்ட ஷெட்டுகள், ஆயில் வாசனை, சங்கு என்றே வளர்ந்தோம்.

அந்தச் சங்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. காலை ஷிஃப்டுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, விடும்போது ஒன்று. எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்கிய பிறகும் அம்மா சங்கைக் கேட்டுத்தான் உலை வைத்தாள். அப்பா சாயங்காலம் வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறுவார். லேத்தில் கடையும்போது தெறிக்கிற இரும்புச் சுருள் துணியில் சிக்கியிருக்கும். வீட்டுக்குள் விழுந்தால் குழந்தைகளின் காலில் ஏறும். நீலம் பாரித்த சுருள் கிடைத்தால் நான் எடுத்து வைத்துக்கொள்வேன். பேரிங்கிலிருந்து கழன்ற பால்ரஸ் குண்டு கிடைத்துவிட்டால் அன்றைக்கு நான்தான் தெருவின் ராஜா. ஒரு பால்ரஸுக்கு ஆறு கண்ணாடிக் கோலி கொடுப்பார்கள்.

இந்த ஊர் தானாக முளைக்கவில்லை. 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1955 ஜனவரியில் ஆவடியில் தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. நேரு வந்திருந்தார், காமராஜர் முதலமைச்சராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாநாட்டுத் தீர்மானங்கள் பெரும்பாலும் மாநாட்டோடு முடிந்துபோகும். இங்கே அப்படி நடக்கவில்லை. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். தீர்மானம் போட்ட ஊரையும் அதன் பக்கத்து ஊர்களையும் தேடிக்கொண்டு அரசுத் தொழிற்சாலையும் தனியார் தொழிற்சாலையும் சேர்ந்தே வந்தன.

எஸ்டேட்டின் உயிர் பாடியில் இருந்தது. பெரிய கம்பெனி டிராயிங் கொடுக்கும். ஒரு ஷெட்டில் கடைவார்கள், இன்னொன்றில் துளை போடுவார்கள், அடுத்ததில் ஹீட் ட்ரீட்மென்ட், அதற்கடுத்ததில் முலாம். ஒரு சின்ன புஷ், முழு உருப்படியாவதற்குள் மீன்பாடி வண்டியில் நாலு ஷெட் சுற்றிவிடும். ஒரு லேத்தும் ஒரு கடனும் இருந்தால் ஒரு டர்னர் முதலாளியாகிவிடலாம் என்று இருந்த காலம். அப்பாவின் சேர்க்கையில் பலர் அப்படி ஆனார்கள். அப்பா கடைசிவரை டர்னராகவே இருந்தார். நூலிழை அளவை விரல் நுனியில் தடவிச் சொல்வார், பிறகு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு ஜப்பானின் டெமிங் விருது கிடைத்தது; இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம். அந்தச் செய்தி வந்த பேப்பரை அப்பா மடித்து வைத்திருந்தார். அவர் அந்தக் கம்பெனியில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. எஸ்டேட்டுக்குக் கிடைத்த விருது என்று நினைத்தார். அவர் நினைத்தது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

அதே எஸ்டேட்டின் முலாம் தொட்டித் தண்ணீர் எங்கே போயிற்று என்று அப்போது யாரும் கேட்கவில்லை. தண்ணீருக்குப் பள்ளம்தான் தெரியும். ஆலைக் கழிவும், பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்னாலேயே பெருகிவிட்ட வீடுகளின் கழிவும், மழைநீர்க் கால்வாயைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குப் போயின. எனக்குச் சோறு போட்ட தொழில்தான் என் ஏரியையும் கெடுத்தது. இந்த இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் சொன்னால் இந்த ஊரின் கதையைச் சொன்னதாகாது. கொரட்டூர்க்காரர்கள் பிறகு ஏரியைக் காக்க ஓர் இயக்கம் கட்டி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கரையைச் சுற்றி நடந்து, எந்த மதகில் என்ன நிறத்தில் தண்ணீர் வருகிறது என்று பார்த்து எழுதி வைத்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், இல்லத்தரசிகள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வீடு கட்டிய கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுவில் அம்பத்தூரிலேயே கருக்கு என்ற இடத்தின் பக்கம் ஒரு கிரவுண்ட் வாங்கினார் அப்பா. சீட்டுப் பணம், அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி, சித்தப்பா அனுப்பிய கொஞ்சம். தாத்தா வந்து பார்த்துவிட்டு, "மெட்ராஸ்ல இருக்கேன்னு சொன்னியே, இது எங்க ஊரைவிடக் காடா இருக்கே" என்றார். தெருவிளக்கு கிடையாது. மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும். அக்கா கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வழி அச்சடித்தோம்: அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப்பில் இறங்கவும், கிழக்கே நடக்கவும், கிணற்றடியில் விசாரிக்கவும். அப்படி அச்சடித்தும் மாப்பிள்ளை வீட்டாரில் ஒரு கூட்டம் ஆவடி போய்விட்டுத் திரும்பி வந்தது. நகரத்துக்குள்ளிருந்து பெண் கேட்டு வருகிறவர்கள் "அம்பத்தூரா?" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பு அம்மாவை ரொம்ப நாள் வருத்தியது.

வீட்டுக்கு அடித்தளம் போடும்போது மேஸ்திரியிடம் அப்பா ஒன்றே ஒன்றுதான் வற்புறுத்தினார். தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசல் வர வேண்டும். ஏரிப் பக்கம் இருக்கிறோம், தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும் என்பார். மூன்று படி, சிவப்பு ஆக்ஸைடு பூசியது. அதில் உட்கார்ந்துதான் நாங்கள் படித்தோம், அம்மா அரிசி புடைத்தாள், பொங்கலுக்குக் காவி அடித்தோம். கொல்லையில் கிணறு. பதினைந்தடியில் தண்ணீர், மழைக்காலத்தில் கயிறே வேண்டாம், குனிந்து சொம்பில் மொள்ளலாம்.

பிறகு நடந்ததெல்லாம் சென்னையின் எந்தப் புறநகரிலும் நடந்ததுதான். கிணறு வற்றியது, போர் போட்டோம், போரை இன்னும் இறக்கினோம், தண்ணீர் பழுப்பேறியது, கேன் வந்தது. 2011 அக்டோபரில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியே ஆகிவிட்டது. டன்லப் பலமுறை மூடித் திறந்து, ஒரு கட்டத்தில் திறக்காமலே போயிற்று. எஸ்டேட்டில் ஷெட்டுகள் இருந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. லேத் ஓட்டியவர்களின் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு அங்கே போகிறார்கள். இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. நான் விடுவதில்லை. இரவு ஷிஃப்டில் விரலை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். பிள்ளைகள் பத்து விரலோடு வீடு திரும்புவது நல்ல மாற்றம்தான்.

ஆனால் தெரு உயர்ந்த கதையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் கப்பி போட்டார்கள், ஒரு படி போயிற்று. யாருக்கும் வருத்தமில்லை, சேறு போனதே பெரிது. அதன்மேல் தார், அதன்மேல் இன்னொரு தார். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுக்கொண்டு வந்ததில் இரண்டாவது படி போயிற்று, மூன்றாவதும் போயிற்று. புதிதாகக் கட்டுகிறவர்கள் அன்றைய தெருவுக்கு மேலே இரண்டடி உயர்த்தி மண் கொட்டிக் கட்டினார்கள். அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் இன்னும் உயர்த்தினார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு நல்லதைத்தான் செய்தார்கள். மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நல்ல உத்தரவு. எங்கள் தெருவுக்கு அது இருபது வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதற்கும் மேலே. அந்த முறை எஸ்டேட்டே மூழ்கியது. அப்பாவிடம் தொழில் கற்ற ஒருவர், இப்போது சிறிய ஷெட் வைத்திருப்பவர், வடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கம்ப்யூட்டர் வைத்த கடைசல் மிஷின்கள், தவணை இன்னும் முடியாதவை. பேனல் கதவைத் திறந்ததும் சேறு வழிந்தது. மோட்டார்களைக் கழற்றி ரோட்டோரம் வெயிலில் வரிசையாக வைத்திருந்தார்கள். முடித்துப் பாலித்தீனில் சுற்றி வைத்திருந்த உருப்படிகள் எல்லாம் ஒரே வாரத்தில் துருப்பிடித்து ஆரஞ்சு நிறமாகிவிட்டிருந்தன. அவர் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தார், அப்பாவைப் போலவே. "அளவு போயிடுச்சு தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடி வந்தது. அப்பா வைத்திருந்த மனைப்பிரிவு வரைபடம் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் கிழிந்த நீலத் தாள். எங்கள் தெருவின் கோடியில் இரண்டு இணைகோடுகளுக்கு நடுவே 'வாய்க்கால்' என்று எழுதியிருக்கிறது. பனியனை வலையாக்கி நாங்கள் மீன் பிடித்த வாய்க்கால். அளவுகோலை வைத்துப் பார்த்தால் இருபதடி அகலம். இன்று அந்த இடத்தில் சிமென்ட் பலகை மூடிய மூன்றடிக் கால்வாய் ஒன்று இருக்கிறது. மிச்சம் பதினேழடி எங்கே போயிற்று என்பதற்கு ஒரே ஒரு குற்றவாளி கிடையாது. ஒரு மதில் இரண்டடி, ஒரு கடை மூன்றடி, ஒரு சின்னக் கோயில், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ரோட்டின் வளைவை நேராக்கியது. கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதம் இருக்கும்.

இனி வரப்போவதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மெட்ரோ, 26 கிலோமீட்டர். 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை சோதனை ஓட்டம் நடந்தபோது வேடிக்கை பார்க்கப் போனேன். திருக்கச்சி நம்பி பிறந்த, மல்லிகைக்குப் பேர்போன ஊரின் தலைக்கு மேலே ரயில் போவதைப் பார்க்க அங்கே பாட்டிகளெல்லாம் மொட்டை மாடியில் ஏறி நின்றார்கள். கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை இன்னொரு தடத்துக்குத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது, 21.76 கிலோமீட்டர், 19 நிலையங்கள். உத்தேச நிலையங்களில் டன்லப் உண்டு, பைப் கம்பெனியான வாவினும் உண்டு. டயரையும் பைப்பையும் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அந்த நிலையங்களில் இறங்கப்போகிறார்கள். பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரிலேயே திறந்தாயிற்று. சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டத்தைத் தயாரிக்கிறார்கள்.

மெட்ரோ எனக்கு வேண்டும். கூட்ட நெரிசலில் எம்.டி.எச். ரோட்டில் ஒற்றைக் காலில் நின்று பஸ்ஸில் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒரு தூண் நடுவதற்கு முன்னால், இருபது வருடத் திட்டம் ஒன்றை எழுதுவதற்கு முன்னால், அம்பத்தூர்க் கலங்கலிலிருந்து கொரட்டூர் வரைக்கும் கொரட்டூரிலிருந்து ரெட்டேரி வரைக்கும் போக்குக் கால்வாய் எங்கே எத்தனையடி இருந்தது, இப்போது எத்தனையடி இருக்கிறது என்று நடந்து அளந்து வரைபடத்தில் போட வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற எதைக் கட்டினாலும் இந்தப் பகுதி இன்னும் கொஞ்சம் உயரும், யாரோ ஒருவர் வீடு இன்னும் கொஞ்சம் பள்ளமாகும். மூன்றாவது திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்து கேட்டபோது இதைத்தான் எழுதி, நீலத் தாளின் நகலையும் வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டையும் இடித்துக் கட்டத்தான் போகிறோம். இன்னொரு டிசம்பரை அது தாங்காது. பில்டர் வந்து பார்த்துவிட்டு, "சார், அஞ்சடி ஃபில்லிங் பண்ணி ஏத்திடலாம். முப்பது வருஷத்துக்கு உங்களுக்குக் கவலையே இல்ல" என்றார். என் மகள் சிவில் படித்தவள். "எங்களுக்கு இல்ல சரி, எதிர்வீட்டுக்கு?" என்று கேட்டாள். எதிர்வீட்டு அக்கா, கணவர் போன பிறகு அந்தப் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். இந்தத் தெருவிலேயே தாழ்ந்த வீடு அதுதான். பில்டருக்குப் பதில் இல்லை.

மறுநாள் மகளும் மேஸ்திரியும் டியூப் லெவல் பிடித்தார்கள். கண்ணாடிபோல் தெரிகிற நீளக் குழாய், அதில் தண்ணீர். ஒரு முனை எங்கள் வாசற்படியில், இன்னொரு முனை அக்கா வீட்டுத் திண்ணையில், பிறகு கால்வாய் விளிம்பில். ரோடு எங்கள் தரையைவிட ஒன்றரையடி மேலே; அக்கா வீட்டுத் தரையைவிட இரண்டேகாலடி மேலே. கால்வாயின் விளிம்போ அக்காவின் திண்ணைக்கும் மேலே. மழை வந்தால் தெருத் தண்ணீர் கால்வாய்க்குப் போகாது, கால்வாய்த் தண்ணீர்தான் அவர் வீட்டுக்குப் போகும். பென்சிலால் எழுதிய அந்த அளவுகளை வார்டு அலுவலகத்திலும் கொடுத்திருக்கிறோம்.

மண் கொட்டக் கூடாது, தூண்கள்மேல் வீடு, கீழ்த்தளம் காலியாக, தரை மண்ணாகவே, தண்ணீர் வந்தால் அடியில் புகுந்து போகட்டும் என்று மகள் வரைந்து காட்டினாள். செலவு கொஞ்சம் கூடும் என்கிறார் பில்டர். ஞாயிற்றுக்கிழமை கணக்குப் போட்டுக்கொண்டு புது வரைபடத்தோடு வருகிறார். எதிர்வீட்டு அக்காவையும் அன்றைக்கு வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.